பூச்சிதான்

மழை விட்ட மூன்றாம் நாள்
பெரும்பாக்கத்தில் கரெண்ட் வந்தது.
சதுப்பில் இருந்ததெல்லாம்
எட்டாவது மாடியில் எங்கள் டியூப்லைட்டைத்தான்
தேடிக்கொண்டிருந்ததுபோல வந்து சேர்ந்தன.
ஈசல் இல்லை, கொசுவும் இல்லை.
எறும்புக்கு ஆரஞ்சு பனியன் மாட்டி
வாலைத் தூக்கி நடக்கவிட்ட மாதிரி ஒன்று.
ரசத்திலிருந்து இரண்டை எடுத்துப் போட்டேன்.
பாயில் எத்தனையோ.

நான் தூங்கிவிட்டேன்.
ஜெபராஜ் தூங்கவில்லை,
பெட்ரோல் பங்க்கில் ராத்திரி ஷிப்ட் பழகின கண்.
என் இமைமேல் அது ஏறுவதைப் பார்த்திருக்கிறார்.
எழுப்ப மனசு வராமல்
கட்டைவிரலால், அழுகிற பிள்ளைக்குத் துடைப்பதுபோல்,
அழுத்தித் துடைத்துவிட்டிருக்கிறார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
அவர் என்னை அப்படித் தொட்டதில்லை.
தொட்டபோது நான் தூக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் எரிந்தது.
அதற்கடுத்த காலை கண் திறக்கவில்லை.
இமை பணியாரமாய் உப்பி, ஓரத்தில்
கடுகு கடுகாய்க் கொப்புளம்,
விரல் போன வழியே கன்னத்தில்
ஒரு சிவப்புக் கோடு.
அவர் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை,
காய்த்துப்போன விரல்.

லிஃப்ட் ஓடவில்லை.
எட்டு மாடி இறங்குவதற்குள்
ஒரு முப்பது பேர் கேட்டிருப்பார்கள்.
பூச்சி, என்றேன்.
பூச்சியா, என்று சொல்லிக்கொண்டே
எனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்தார்கள்.
நாலாவது மாடி மல்லேஸ்வரி அக்கா
போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது
நானும் அவள் வீட்டுக்காரரை
இதே மாதிரிதான் பார்த்தேன்.

பஸ்ஸில் அவர் என்னோடு ஏறி
நாலு சீட் தள்ளிப் போய் நின்றார்,
கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு,
இன்னொரு கை பேன்ட் பையில்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி.
டாக்டர் பெண்ணுக்கு என் தங்கை வயசிருக்கும்.
யார் அடிச்சது, என்றாள் நிமிராமல்.
பூச்சி மேடம்.
நிமிர்ந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.
கோட்டைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது.
"இது கடிக்காதும்மா. நசுக்கினாத்தான்.
உள்ள இருக்கற தண்ணிதான் எரிக்கும்.
அடுத்த தடவை ஊதி விடுங்க,
பட்ட இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்க.
இந்த வாரத்துல நீங்க பதினோராவது ஆள்."

டோக்கன் நாற்பத்தேழு, அமுலு.

பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள்.
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.
எனக்கும் பூச்சிதான் மேடம், என்றாள்.
தூங்கும்போது. லைட்டுக்கு வந்துச்சு. ஆரஞ்சு கலர்.
என் பூச்சியை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அவள் கண்ணைச் சுற்றி நீலம்.
கொப்புளம் இல்லை.
கோடு இல்லை.

டார்ச் ரொம்ப நேரம் எரிந்தது.
பேனா எதையும் எழுதவில்லை.
"சிஸ்டர், கதவைச் சாத்துங்க" என்றாள் டாக்டர்.
களிம்புச் சீட்டோடு நான் வெளியே வந்தேன்.

மாத்திரை வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தேன்.
கதவு சாத்தித்தான் இருந்தது.
வெளியே ஒரு ஆள் சுவரில் சாய்ந்து
போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.
அவள் ஆளா, வேறு யாராவதா, தெரியாது.
ஜெபராஜ் அவனுக்கு வழிவிட்டு நின்றார்,
இரண்டு பேரும் ஒரே கியூவில் நிற்கிற மாதிரி.

அன்று இருட்டுவதற்கு முன்பே லைட்டை அணைத்தார்.
பாயின் நாலு மூலையையும்
அடுப்பு ஊதுவதுபோல் குனிந்து குனிந்து ஊதினார்.
சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் வலித்தது.

கை எங்கே, என்றேன்.
தலைக்குக் கீழே வைத்திருந்தார்.
இழுத்து என் நல்ல கண்ணின்மேல் வைத்துக்கொண்டேன்.
லைஃப்பாய் வாசனை.
எத்தனை முறை கழுவினாரோ.

அந்தக் கையின் இருட்டுக்குள்
கொஞ்ச நேரம் விழித்திருந்தேன்.
வியாசர்பாடியோ வேறெதுவோ,
எங்கேயோ ஒரு அறையில்
இந்நேரம் லைட் எரிந்துகொண்டிருக்கும்.